ஒன்றாம் தெரு நல்ல நிலையில் உள்ளது

இயேசு மரி சூசை

இரண்டாம் தெரு (இனி ஒன்றாம் தெரு),
சந்தியாகப்பர் குப்பம், ராயபுரம்,
சென்னை-13.
20-4-1971

தங்கை சிலுவையம்மாளுக்கு அண்ணன் அருள்பிரகாசம் எழுதுவது.

போன ஞாயிறு மாலை, நம் ஊர் வரலாற்றில் என்றும் நினைக்கத்தக்க ஒரு தீர்மானம் கோயில் பள்ளிக்கூடத்தில் நிறைவேறியது. நூற்றாண்டு விழாக் கமிட்டியின் தலைவர், ஐஸ் கம்பெனி பரசுராமன், எழுந்து நின்று முன்மொழிந்தார். செயலாளர் என்ற முறையில் நான் வழிமொழிந்தேன். எதிர்த்தவர் இல்லை. இனி நம் ஊர்த் தெருக்கள் இரண்டில் தொடங்காமல் ஒன்றில் தொடங்கும். இரண்டாம் தெரு ஒன்றாம் தெரு ஆகிறது, மூன்றாவது இரண்டாகிறது, நான்காவது மூன்றாகிறது. கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் பிடித்தது.

காரணம் கேட்டால் உனக்கும் நியாயம் தெரியும். பங்குனியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் குடும்பத்தோடு நம் கடற்கரையைப் பார்க்க வந்தார். இரண்டாம் தெரு என்ற பலகையைக் கண்டவர், ஒன்றாம் தெரு எங்கே என்று டீக்கடை ரஷீதை விசாரித்தார். ரஷீது கடலை நோக்கிக் கையை நீட்டி, "தோ, அங்கதான் கீது சார். செருப்ப கழட்டிக்கினு போங்க" என்றிருக்கிறான். நீதிபதி அதைத் தமக்குச் செய்த அவமரியாதையாக எடுத்துக்கொண்டார். கார் ஏறுமுன் பரசுராமனிடம், ஒன்று இல்லாத ஊருக்கு இரண்டு எதற்கு என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை அவர் அப்படியே கமிட்டியில் வைத்தார்.

விழாவுக்கு ‘சந்தியாகப்பர் குப்பம்: வரலாறும் காட்சிகளும்’ என்று ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிடுகிறோம். எழுதும் பொறுப்பு என்னுடையது. காட்சிகள் பகுதி முடிந்தது. கோயில், படகு கட்டும் இடம், காலை மீன் ஏலம், சூரிய அஸ்தமனம். நம் கடல் கிழக்கே இருக்க அஸ்தமனம் எப்படி என்று லாசர் வாத்தியார் ஆட்சேபித்தார். மேற்கே மணலியில் புதிதாக எழும்பியிருக்கும் புகைபோக்கிகளுக்குப் பின்னால் என்று திருத்திக்கொண்டேன். வரலாறுதான் ஒரு பக்கம் குறைகிறது. நைனா உன்னிடம்தான் நிறையச் சொல்வார். தெரிந்ததை எழுதி அனுப்பு. நல்லதாகப் பார்த்து எழுது.

திருவிழாவுக்கு நீயும் சவரிநாதனும் வர வேண்டும். ஆலிஸும் சொல்லச் சொன்னாள். வலை விஷயத்தை அவள் எப்போதோ மறந்துவிட்டாள்.

அருள்பிரகாசம்


இயேசு மரி சூசை

கால்வாய் ஓரம், எர்ணாவூர்.
27-4-1971

அண்ணன் அவர்களுக்கு,

அண்ணி வலை விஷயத்தை மறந்ததில் சந்தோஷம். வலை எங்களுடையது என்பதால் எனக்கு அந்த வசதி இல்லை. வீடு கடலில் போன மறுவாரம் உங்கள் முன்னறையில் என் புருஷன் ஈர வலையைக் காயப்போட்டார். அவருடைய வாசல் அலைக்குள் இருந்ததால் வேறு இடம் தெரியவில்லை. நாற்றம் என்று அண்ணி அதை வாரித் தெருவில் போட்டார்கள். நீங்கள் பேப்பரை அடுத்த பக்கம் திருப்பினீர்கள். எனக்கென்று ஒரு வாசற்படி வந்த பிறகுதான் உங்கள் வாசற்படியை மிதிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வருஷமாகிறது. இங்கே கூரை இருக்கிறது. படி இல்லை.

வரலாறு கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குக் கல் சுவர் கட்டினார்கள். கடலோடு வடக்கே வர வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே நின்றுவிட்டது. அங்கே அது பெரிய கடற்கரையானது. ஜனங்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு காற்று வாங்குகிறார்கள். இங்கே மணல் வரவில்லை, அதனால் கடல் வந்தது. நைனா சின்னவராக இருந்தபோது ஒன்றாம் தெருவுக்கும் அலைக்கும் நடுவில் கபடி ஆடுவார்களாம். நான் அந்தத் தெருவுக்கு வாழப் போனபோது வாசலுக்கு முன் கட்டுமரம் போட இடம் இருந்தது. அப்புறம் சமையலறைக்குள் நண்டு வந்தது. அப்புறம் சமையலறை போயிற்று. நல்லதாகப் பார்த்து எழுதச் சொன்னீர்களே, அதுவும் உண்டு: வீடுகள் பகலில் விழுந்தன. பாத்திரங்களை எடுக்க முடிந்தது.

நம்பர் மாற்றியதைப் படித்து முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்றாம் தெருவில் வீடு இழந்த பதினோரு குடும்பமும் சர்க்காரில் மனுக் கொடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். எர்ணாவூரில் கட்டிக்கொண்டிருக்கும் புது வீடுகளில் பதினொன்று கேட்டிருக்கிறோம். மனுவில் எங்கள் விலாசம் ஒன்றாம் தெரு. ஜூன் மாதம் அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். வந்தவர் கண்ணுக்கு ஒன்றாம் தெரு என்று பலகையும், பலகைக்குப் பின்னால் தெருவும், தெருவில் உங்கள் வீடும் தெரிந்தால் என்ன எழுதிக்கொண்டு போவார்?

பலகை எழுதாதீர்கள். எழுதியாயிற்று என்றால், கடலில் போன ஒன்றாம் தெரு வேறு, இப்போது பலகை வைத்திருப்பது வேறு என்று கமிட்டிச் செயலாளராக அந்த ஆபீசுக்கு நாலு வரி எழுதுங்கள். நான் உங்களிடம் கேட்பது இது ஒன்றுதான்.

சப்பரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோயில் வாசலில் சப்பரத்துக்கு முதல் தோள் கொடுப்பது ஒன்றாம் தெரு. தெரு போன பிறகும் நாங்கள் பஸ் பிடித்து வந்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். முன்கழியில் வலது பக்கம் என் புருஷனுடையது. அதற்கும் கமிட்டி கூடிவிடப் போகிறது.

சிலுவையம்மாள்


ஒன்றாம் தெரு, சந்தியாகப்பர் குப்பம்.
11-5-1971

சிலுவைக்கு,

பிறந்ததிலிருந்து என்னை ‘நீ’ என்றவள், ஒருமுறை சந்தை நடுவில் ‘போடா’ என்றவள், கடிதம் முழுக்க ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆலிஸையும் கேட்டுப் பார்.

பலகை எழுதியாயிற்று. நீலத்தில் வெள்ளை எழுத்து. நன்றாக வந்திருக்கிறது.

நீ கேட்ட கடிதத்தை என் இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. கமிட்டி பெயரில் போகும் எந்தத் தாளும் கமிட்டியில் வைக்கப்பட வேண்டும். இந்த மாதக் கூட்டத்தில் வைக்க எண்ணியிருந்தேன். புத்தக அட்டையில் மீன் படம் போடலாமா என்ற விவாதம் நீண்டுவிட்டது. மீன் படம் போட்டால் வெளியூர்க்காரர்களுக்கு வாடை ஞாபகம் வரும் என்பது பரசுராமன் கட்சி. மீன்பிடிக்கும் ஊருக்கு வேறு எதைப் போடுவது என்பது வாத்தியார் கட்சி. முடிவில் ரோஜாப்பூ போடுவதென்று ஆனது. அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உன் வரலாற்றைப் படித்தேன். புத்தகத்தில், ‘இவ்வூர் கடலோடு மிக நெருங்கிய உறவு கொண்டது’ என்று சேர்த்திருக்கிறேன்.

சப்பரம் பற்றிக் கமிட்டி ஏற்கெனவே பேசியது. ஒன்றாம் தெரு முதல் தோள் என்ற நூறு வருஷ வழக்கம் ஒரு மயிரளவும் மாறாது. இப்போது ஒன்றாம் தெருவாக இருக்கும் தெரு தூக்கும். நீங்கள் எல்லோரும் விருந்தினராக வந்து கூட நடக்கலாம்.

இவ்வளவு கோபம் எதற்கு? எண்தானே.

அருள்பிரகாசம்


எர்ணாவூர்.
17-5-1971

அண்ணன் அவர்களுக்கு,

தீப்பெட்டிக் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டு இதை எழுதுகிறேன்.

எண்தானே என்கிறீர்கள். துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை எண்ணியவர் நீங்கள். கணக்கில் ஒரு சாக்கு குறைந்ததற்காகக் கப்பலைக் கிளம்பவிடாமல் நிறுத்தியதை நைனா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு வியாபாரியின் சாக்கு அது. இங்கே உங்கள் தங்கையின் தெரு குறைகிறது.

உங்கள் கடிதத்தை என் புருஷனுக்குப் படித்துக் காட்டினேன். விருந்தினர் என்ற இடம் வந்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு எழுந்து கால்வாய்ப் பக்கம் போய்விட்டார்.

ரோஜாப்பூவுக்கு ஒரு கூட்டம் போட்ட கமிட்டி, பதினோரு குடும்பத்துக்கு ஒரு கூட்டம் போடட்டும். ஜூன் முடிவதற்குள் கடிதம் போயாக வேண்டும்.

சிலுவையம்மாள்


ஒன்றாம் தெரு, சந்தியாகப்பர் குப்பம்.
29-6-1971

சிலுவைக்கு,

அதிகாரி நேற்று வந்துபோனார். நல்ல மனிதர். மரியாதை தெரிந்தவர். நம் ஊரை இவ்வளவு அக்கறையோடு சுற்றிப் பார்த்த அரசாங்க மனிதரை நான் கண்டதில்லை.

பரசுராமன் மாலை போட்டார். புத்தகத்தின் முதல் பிரதியை நான் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார். ஒன்றாம் தெருவில் இரண்டு முறை போய் வந்தார். பலகை புதியதா என்று கேட்டார், பெருமையோடு ஆமென்றேன். நம் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்து, பழைய கட்டடம், உறுதியாக இருக்கிறதே என்றார். ஆலிஸுக்குப் பரம சந்தோஷம்.

உன் விஷயத்தை நான் மறக்கவில்லை. கோயில் முற்றத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் போய், "ஐயா, இந்த ஒன்றாம் தெரு சம்பந்தமா..." என்று ஆரம்பித்தேன். அந்த நேரம் டீயும் பன்னும் வந்தது. எல்லோருக்கும் பன் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பும் எனக்கு இருந்தது. திரும்பி வந்தபோது ஜீப் கிளம்பிவிட்டது.

அதனால் பாதகமில்லை. புத்தகம் அவரிடம் இருக்கிறது. எல்லாம் அதில் விவரமாக உள்ளது.

அருள்பிரகாசம்


எர்ணாவூர்.
28-7-1971

அண்ணன் அவர்களுக்கு,

ஆபீசிலிருந்து பதில் வந்திருக்கிறது. பதினோரு குடும்பத்துக்கும் ஒரே வாசகம். அப்படியே தருகிறேன்:

‘மனுதாரர்கள் குறிப்பிடும் ஒன்றாம் தெரு நேரில் பார்வையிடப்பட்டது. தெரு நல்ல நிலையில் உள்ளது. வீடுகளில் குடித்தனங்கள் வசிக்கின்றன. தெருவிளக்கு எரிகிறது. வழிகாட்டிப் புத்தகமும் இதை உறுதி செய்கிறது. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.’

புத்தகத்தில் எல்லாம் விவரமாக இருப்பதாகச் சொன்னீர்கள். இருந்திருக்கிறது.

அந்தத் தாளோடு திருவிழாவுக்கு வந்தோம். நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்கள் குடை பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றீர்கள். ஆனாலும் எழுதுகிறேன், அடுத்த பதிப்பில் வரலாறு ஒரு பக்கம் குறைந்தால் உதவும். கோயில் கதவு திறக்கும்போது சப்பரத்தின் முன்கழியில் உங்கள் தெரு ஆட்கள் கை வைத்திருந்தார்கள். வலது பக்கம் ஐஸ் கம்பெனி மேஸ்திரி முப்பிடாதி நின்றான். அவன் வெளியூர், கோயிலுக்குள் வந்ததே அன்றைக்குத்தான் முதல் தடவை. என் புருஷன் போய் அவன் பக்கத்தில் அதே கழிக்குத் தோளைக் கொடுத்தார். மற்ற பத்துக் குடும்பத்து ஆட்களும் கொடுத்தார்கள். இரண்டு தெருவும் தூக்கியது. யார் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் சந்தியாகப்பர் குதிரையோடு வாசலிலேயே நின்றார். பங்குச் சாமியார் ஜெபமாலையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அப்போதுதான் நீங்கள் முன்னால் வந்தீர்கள். என் புருஷன் உங்களைப் பார்த்துச் சொன்னதை ஊரே கேட்டது:

"மச்சான், உன் தெருவுக்கு நம்பர் மாறிச்சி. என் தோளுக்கு இன்னா மாறிச்சி?"

நீங்கள் சொன்னதையும் கேட்டது:

"கமிட்டி முடிவு சவரி. நான் இன்னா பண்றது?"

அவர் கழியை விட்டுவிட்டார். மற்றவர்களும் விட்டார்கள். ஒரு பக்கம் தோள் போனதில் சப்பரம் சரிந்து, சந்தியாகப்பர் கையிலிருந்த வாள் கதவில் இடித்து உடைந்தது. சரிந்ததற்கு எங்கள் ஆட்கள் குடித்திருந்ததே காரணம் என்று பரசுராமன் சொன்னாராம். என் புருஷன் நோன்பிருந்தார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இனி அந்த ஆபீசில் எங்கள் பேச்சு எடுபடாது. உங்கள் பேச்சு எடுபடும். கடைசியாகக் கேட்கிறேன்.

சிலுவையம்மாள்


ஒன்றாம் தெரு, சந்தியாகப்பர் குப்பம்.
20-8-1971

சிலுவைக்கு,

உன் கடிதத்தை ஆலிஸிடம் காட்டவில்லை. மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு நான் பிடிவாதம் பிடித்து அவசரக் கூட்டம் கூட்டினேன். நீ நம்பமாட்டாய், பரசுராமனை எதிர்த்துப் பேசினேன்.

பலகையை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. ஊர் பார்த்து வைத்த பலகையை எடுத்தால் ஊரே சிரிக்கும் என்றார். புத்தகமும் அச்சாகிவிட்டது. கடைசியில், புத்தகத்தில் ஒரு பிழைத்திருத்தச் சீட்டு ஒட்டுவதென்று முடிவானது. வாசகத்தை வாத்தியாரும் நானும் பொழுது சாயும்வரை உட்கார்ந்து எழுதினோம். பழைய தெருவும் ஒன்றாம் தெரு, புதிய தெருவும் ஒன்றாம் தெரு, பழையது புதியது என்று பிரித்தால் தீர்மானத்துக்கு விரோதமாகும் என்று தலைவர் சொன்னதால் கடைசியில் இப்படி அமைந்தது:

‘பக்கம் 9, வரி 4: ஒன்றாம் தெரு என்பதை ஒன்றாம் தெரு என்று திருத்தி வாசிக்கவும்.’

சீட்டு ஒட்டிய பிரதி ஒன்றை அதிகாரிக்கு அனுப்பினேன். திருத்தம் கவனிக்கப்பட்டது என்று பதில் வந்திருக்கிறது.

வாள் விஷயத்தில் சவரிநாதன் பேரில் தவறில்லை என்று நானே கூட்டத்தில் சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதும் வேலை என்னுடையது என்பதால் நானும் எழுதவில்லை. அப்போது நான் பேசிக்கொண்டிருந்தேன்.

அருள்பிரகாசம்


எர்ணாவூர்.
2-9-1971

அண்ணே,

‘நீ’ வேண்டுமென்று கேட்டாயே, இந்தா.

நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் அன்றைக்குச் சந்தையில் சொன்னதுபோல ஒரு ‘போடா’ சொல்லிவிட்டு ஆறியிருப்பேன். நீ யார் எழுந்து நின்று பேசினாலும் வழிமொழிகிறவன். அண்ணி வலையைத் தூக்கிப் போட்டபோது வழிமொழிந்தாய். பரசுராமன் எங்கள் தெருவைத் தூக்கிப் போட்டபோது வழிமொழிந்தாய். கடல் ஒருத்திதான் யார் கையெழுத்தும் கேட்காமல் வந்தாள்.

அந்தச் சீட்டை இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சிரித்தார்கள். என் புருஷன் மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். அதற்கு மட்டும் உனக்கு நன்றி.

இனி எழுதாதே.

சிலுவை


ஒன்றாம் தெரு, சந்தியாகப்பர் குப்பம்.
13-12-1971

சிலுவைக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் முடியவில்லை.

ஐப்பசி மழையில் அலை நம் கொல்லைச் சுவரைத் தொட்டது. கார்த்திகையில் சமையலறை போயிற்று. அதற்கு முந்தின நாள் நண்டு வந்தது. ஆலிஸ் அதைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டாள். எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

அதிகாரி மறுபடி வந்தார். அதே புத்தகம் கையில் இருந்தது. பக்கம் 9-ஐத் திறந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். ஒன்றாம் தெரு கடலரிப்பால் முதல்முறையாகப் பாதிக்கப்பட்டுள்ளது என்று குறித்துக்கொண்டார். ஒன்றாம் தெருவுக்கு ஏற்கெனவே பதினோரு வீடு கேட்டு ஒரு மனு இருந்ததாகவும், அப்போது அவசியம் ஏற்படவில்லை என்றும், இப்போது ஏற்பட்டுவிட்டது என்றும் சொன்னார். நேற்று உத்தரவு வந்தது. எர்ணாவூரில் புது வீடு பதினொன்று. தெருவில் எங்கள் வரிசையில் பதினோரு வீடு. எனக்கும் ஒன்று.

என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ சொல்.

அருள்பிரகாசம்


எர்ணாவூர்.
18-12-1971

அண்ணே,

என்ன செய்வது என்று முதல்முறையாக என்னைக் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

அந்தப் பதினோரு வீட்டுக்கும் நாங்கள் தினம் கம்பெனிக்குப் போகும் வழியில் அஸ்திவாரம் தோண்டியது முதல் பார்த்திருக்கிறோம். ஓரத்து வீடு எங்களுக்கு வரும் என்று என் புருஷன் சொல்லிக்கொண்டிருப்பார், அங்கே வலை காயப்போடச் சுவர் நீளம் என்று. உன் கூரையும் போய்க்கொண்டிருக்கிறது, நீயும் நடுத்தெருவில் நிற்க வேண்டாம். ஆனால் உனக்கென்று தனியாக ஒரு மனுக் கொடு. இந்த வீட்டை வேண்டாமென்று எழுது. ஏன் வேண்டாம், இது யாருடையது என்று எழுது. கமிட்டி பெயரில் எழுதாதே, உன் பெயரில் எழுது. ஒருத்தன் கையில் கிடைத்த வீட்டை வேண்டாமென்றால் எந்த அதிகாரியும் ஒரு நிமிஷம் நின்று ஏன் என்று கேட்பான். அந்த ஒரு நிமிஷம் போதும் எங்களுக்கு.

நாலு வரிதான். யார் முன்மொழியவும் காத்திருக்காதே.

சிலுவை


இயேசு மரி சூசை

வீடு எண் 11, புதுக் குடியிருப்பு,
எர்ணாவூர்.
25-1-1972

சிலுவைக்கு,

நீ சொன்னபடி கடிதம் எழுதினேன். நாலு வரி. என் பெயரில். கையெழுத்தும் போட்டேன். தபாலில் சேர்ப்பதற்குள் பொங்கலன்று முன்னறையும் போயிற்று. கடிதம் மேஜையில் இருந்தது.

நேற்று இங்கே குடிவந்தோம். ஓரத்து வீடு. காலையில் குழாயில் தண்ணீர் வருகிறது. வாசலில் சிமெண்டுப் படி இருக்கிறது. பின்பக்க ஜன்னலில் கால்வாயும் உங்கள் கூரையும் தெரிகின்றன. பக்கச் சுவரில் ஆலிஸ் துணி காயப்போட்டிருக்கிறாள்.

போன ஞாயிறு கமிட்டி கூடியது. நம் தெரு காலியாகிவிட்டதால், அடுத்த தெருவை ஒன்றாம் தெரு என்று அழைப்பதென ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பழைய பலகை நல்ல நிலையில் இருப்பதால் அதையே கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

அருள்பிரகாசம்